பரசூட்டா, ஹெலியா? இரண்டாம் நடையின் கணக்கு

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக வீடு இருந்தால் ஜனவரிக் கடைசியில் ஹெலிச் சத்தம் பழகிவிடும். சுதந்திர தின ஒத்திகைக்காக இரத்மலானைப் பக்கமிருந்து காலிமுகத்திடலை நோக்கிக் கரையோரமாகப் பறப்பார்கள். எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டு மாமிக்கு அண்ணாந்து பார்க்கவே தேவையில்லை. மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டபடியே சொல்லிவிடுவார்: "இது சின்னது, தம்பி. பின்னால பெரிசு வருது." சின்னது என்றால் பெல் 212. அதற்கு மேலே சுழலும் தகடுகள் இரண்டே இரண்டு. காற்றை வெட்டும்போது டப் டப் டப் என்று ஒவ்வொரு வெட்டும் தனியாகக் கேட்கும். பெரியது எம்.ஐ-17. ஐந்து தகடுகள் என்பதால் சத்தம் பிரியாமல் ஒரே இரைச்சலாக வரும், ஜன்னல் கண்ணாடி அதிரும்.

மாமி திருநெல்வேலிக்காரர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. 1987 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு, பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள வீட்டில், விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்து ஹெலிகளை எண்ணியவர். "வந்தது, போனது. திரும்ப வந்தது, போனது. அதுக்குப் பிறகு வரேல்லை" என்பார். அதற்கு மேல் அவரிடம் நான் கேட்பதில்லை.

ஹெலிகொப்டரில் காலாட்படையை இறக்கும் முறை எப்படி வளர்ந்தது என்பதைப் பல வருடமாகத் தேடி வாசிக்கிறேன். பரசூட்டில் குதிப்பதா ஹெலியில் இறங்குவதா, சின்ன ஹெலி நிறைய வேண்டுமா பெரிய ஹெலி கொஞ்சம் போதுமா, எதிரியின் தலைமேலேயே இறங்குவதா தள்ளி இறங்கி நடப்பதா என்று வாதங்கள் நிறைய. வேகம், எடை, தூரம் எல்லாம் அட்டவணையாகக் கிடைக்கின்றன. ஆனால் வாசிக்க வாசிக்க, மாமி அந்த இரவு எண்ணிய கணக்குத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எனக்குப் படுகிறது. முதல் நடையில், அதாவது ஹெலிகள் முதல் தடவை போய் வருகையில், இறங்கியவர்களுக்குப் பின்னால் இரண்டாம் நடை வருமா? வந்தால் எத்தனை நிமிடத்தில்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையையும் பார்ப்போம்.

பரசூட்டும் ஹெலியும்

பரசூட் படையின் பெரிய பலம் தூரம். விமானங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வந்து பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனை ஒரே தடவையில் இறக்கிவிடும். ஒரு சி-130 விமானம் 64 பரசூட் வீரர்களைக் கொண்டுபோகும். ஹெலியால் இந்தத் தூரத்தையும் இந்தத் தொகையையும் நினைத்தும் பார்க்க முடியாது. நம்முடைய இலங்கை நீளவாக்கில் சுமார் 430 கிலோமீட்டர்தான், அதனால் நமக்கு இது பெரிதாகத் தெரியாது. பெரிய நாடுகளுக்குத் தெரியும்.

குறை என்னவென்றால், விமானம் நிற்காது. ஆட்கள் நொடிக்கு ஒருவராகக் குதித்தாலும் அந்த ஒரு நொடியில் விமானம் அறுபது மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். முப்பது பேர் குதித்து முடிவதற்குள் முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் இடையில் ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டிவிடுகிறது. காற்று அடித்தால் இன்னும் மோசம். இரவில், தெரியாத ஊரில், ஒருவரையொருவர் தேடிச் சேர்வதிலேயே முதல் சில மணி நேரம் போய்விடும். குதித்தவர்களைத் திரும்ப ஏற்றவும் வழியில்லை. காயப்பட்டவர் தரைப்படை வந்து சேரும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும்.

1941 மே மாதம் கிரீட் தீவை ஜேர்மன் பரசூட் படை பிடித்தது. ஆனால் இழப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஹிட்லர் அதற்குப் பிறகு அந்த அளவில் பரசூட் படையை இறக்கவே இல்லை. 1944 செப்டெம்பரில் ஆர்ன்ஹெம் பாலத்துக்காகப் பிரித்தானியப் படை இறங்கியது. எல்லோரையும் ஒரே நாளில் கொண்டுபோக விமானங்கள் போதவில்லை, ஆகவே மூன்று நாட்களுக்குப் பிரித்தார்கள். அப்புறம் இங்கிலாந்தில் மூடுபனி விழுந்தது, பின்னால் வர வேண்டியவர்கள் தாமதித்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் போனதில் ரைன் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் 2,000 சொச்சம் பேர்தான். அங்கேயும் கதை இரண்டாம் நடைதான்.

ஹெலிகொப்டர் இந்தக் குறைகளில் பாதியை நீக்கியது. ஒரு செக்‌ஷன், அதாவது ஒரு சிறு குழு ஆட்கள் ஒன்றாகவே இறங்குகிறார்கள், இறங்கிய இடத்திலிருந்தே சண்டையைத் தொடங்கலாம். போன ஹெலி வெறுமையாகத் திரும்புவதில்லை. காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு வரும். கொரியாவில் 1951 செப்டெம்பரில் அமெரிக்க மரீன் படையினர் 224 பேரை இப்படி ஒரு மலையுச்சியில் இறக்கினார்கள். 1956இல் சூயெஸில் இரண்டு முறைகளும் அடுத்தடுத்த நாட்களில் நடந்தன. நவம்பர் 5ஆம் திகதி பிரித்தானியப் பரசூட் பட்டாலியன் கமில் விமானத்தளத்தில் குதித்தது. மறுநாள் கப்பல்களிலிருந்து ஹெலிகளில் 45ஆவது கொமாண்டோ போர்ட் சயீட்டில் இறங்கியது. நானூறுக்கு மேற்பட்டவர்களும் அவர்களுடைய சாமான்களும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கரை சேர்ந்துவிட்டன. அந்த ஹெலிகள் ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு ஒரு சில பேரைத்தான் தூக்கின. ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் தூரம் குறைவு, அதனால் நடைமேல் நடை அடிக்க முடிந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் 1971 டிசம்பர், பங்களாதேஷ். அங்கே ஒரே படை, இந்தியப் படை, ஒரே வாரத்தில், இரண்டையும் செய்தது.

டாக்காவுக்குப் போகும் வழியில் மேக்னா ஆறு குறுக்கே கிடந்தது. பைரப் பஜாரில் இருந்த ரயில் பாலத்தைப் பின்வாங்கிய பாகிஸ்தான் படை உடைத்துவிட்டது. இந்தியாவின் 4ஆவது கோர் என்ற பெரும் படைப்பிரிவின் தளபதி சகத் சிங் பாலம் கட்டக் காத்திருக்கவில்லை. கையில் இருந்த பத்துப் பன்னிரண்டு எம்.ஐ-4 ஹெலிகளை எடுத்து, டிசம்பர் 9ஆம் திகதி தொடக்கம் இரவும் பகலும் ஆட்களை மறு கரைக்குக் கடத்தினார். எம்.ஐ-4 பழைய பிஸ்டன் இயந்திர ஹெலி, ஒரு தடவைக்கு ஒரு டசின் பேரைத்தான் சுமக்கும். இரவில் பறக்கத் தக்க கருவிகள் கிடையாது. இறங்கும் இடத்தில் டோர்ச் லைட் பிடித்து அடையாளம் காட்டினார்கள். ஒரு படகோட்டி ஆட்களை ஏற்றி இறக்குவதுபோல அதே பத்துப் பன்னிரண்டு ஹெலிகள் திரும்பத் திரும்ப ஓடின. இறங்கிய இடத்தில் எதிர்ப்பு அனேகமாக இல்லை, அப்படிப்பட்ட இடமாகத்தான் பார்த்து எடுத்திருந்தார்கள். அடுத்தடுத்த நடைகள் நிற்காமல் வந்ததால் சில பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேட் ஆற்றைத் தாண்டிவிட்டது.

டிசம்பர் 11ஆம் திகதி தங்கைலில் 2ஆவது பரசூட் பட்டாலியன், எழுநூறுக்குக் கிட்டிய ஆட்கள், ஒரே தடவையில் குதித்தார்கள். மைமன்சிங் பக்கமிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் பிரிகேட்டின் வழியில் பூங்லிப் பாலத்தைப் பிடிப்பது நோக்கம். இதுவும் வெற்றி. மறுநாள் மாலையே வடக்கிலிருந்து வந்த தரைப்படை அவர்களோடு சேர்ந்துகொண்டது. அது மட்டுமில்லாமல் அந்தப் பகுதி ஏற்கெனவே பங்களாதேஷ் விடுதலைக்காகப் போராடிய முக்தி பாகினிப் போராளிகளின் கையில் இருந்தது. அதாவது இறங்குபவர்களை ஏந்திக்கொள்ளக் கீழே ஆள் இருந்தது.

எனக்கு மேக்னாவைத்தான் அதிகம் பிடிக்கும். தங்கைலுக்கு ஐம்பது விமானங்கள் அளவில் தேவைப்பட்டன. மேக்னாவைப் பன்னிரண்டு பழைய ஹெலிகள் முடித்தன. பரசூட் படை ஒரு தடவைதான் வரும், ஹெலிப்படை வந்துகொண்டே இருக்கும்.

சின்னது நிறையவா, பெரியது கொஞ்சமா

மாமி சொல்லும் "சின்னது" வியட்நாம் போரில் அமெரிக்கா ஓட்டிய ஹியூயி ஹெலியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெல் 212 என்பது அதே ஹியூயி, இரண்டு இயந்திரம் பூட்டியது. "பெரிசு" சோவியத் எம்.ஐ-8இன் பலம் கூட்டிய தம்பி. நம் விமானப்படை இரண்டையும் வைத்திருக்கிறது, ஆகவே இந்த ஒப்பீட்டைக் கொழும்பிலிருந்தே காதால் செய்யலாம்.

எம்.ஐ-8, எம்.ஐ-17 இரண்டும் 24 பேர் ஏறக்கூடியவை. ஹியூயி ஏட்டில் பத்துக்கு மேல் ஏற்றும் என்று இருந்தாலும், சண்டைச் சாமானோடு, வெயிலில், பெரும்பாலும் எட்டுப் பேருக்குள்தான். வெப்பத்தில் காற்று ஐதாகிவிடும். தகடுகளுக்குப் பிடிமானம் குறைகிறது, இயந்திரத்துக்கும் மூச்சு முட்டுகிறது. அனுராதபுரத்து வெயிலில் ஒரு ஹெலி காலையில் தூக்கும் எடையை மத்தியானம் தூக்காது. இதை மறந்து போட்ட திட்டங்கள் பல கெட்டிருக்கின்றன.

கணக்குப் பார்த்தால் பெரியதுதான் லாபம் என்று தோன்றும், மூன்று ஹியூயியின் வேலையை ஒரு எம்.ஐ-17 செய்கிறதே. ஆனால் ஹெலி தரையில் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். ஹியூயிக்கு இரண்டு பக்கமும் திறப்பு. சில்லு நிலத்தைத் தொடும் முன்னமே, ஹியூயிக்குச் சில்லு இல்லை, சறுக்குக் கட்டைதான், அது புல்லைத் தொடும் முன்னமே இரண்டு பக்கத்தாலும் குதித்துவிடுவார்கள். சில நொடிகளில் வெறுமையாகி எழும்பிவிடும். பழைய எம்.ஐ-8இல் முன்பக்க இடது வாசலால் ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும். பின்னால் சிப்பி மாதிரித் திறக்கும் பெரிய கதவு இருக்கிறது. அதைக் கழற்றிவைத்துவிட்டுப் பறந்தவர்களும் உண்டு. எப்படியும் இருபத்து நாலு பேர் இறங்க நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுவதும் ஒரு பஸ் அளவான இலக்கு அசையாமல் நிற்கிறது. ஒரு ஹியூயி விழுந்தால் எட்டுப் பேர். ஒரு எம்.ஐ-8 விழுந்தால் இருபத்து நாலு பேர், ஒரு பிளட்டூன் அளவு.

இடமும் வேண்டும். ஹியூயியின் தகடு வட்டம் 14.6 மீட்டர், எம்.ஐ-8இன் வட்டம் 21.3 மீட்டர். அதே வயலில் ஹியூயி எட்டு இறங்கினால் எம்.ஐ-8 மூன்று நாலுதான்.

1965 நவம்பர் 14ஆம் திகதி வியட்நாமின் இயா திராங் பள்ளத்தாக்கில் நடந்தது, சின்ன ஹெலி நிறைய இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம். அமெரிக்கா அதற்குக் கொஞ்ச மாதம் முன்புதான் ஒரு முழு டிவிஷனை ஹெலியை நம்பி அமைத்திருந்தது, 1ஆவது கவல்ரி. லெப்டினன்ட் கேர்ணல் ஹால் மூரின் பட்டாலியன் எக்ஸ்-ரே என்று பெயரிட்ட வெட்டையில் இறங்கியது. கைவசம் 16 ஹியூயிகள், முதல் நடையில் எண்பது பேர் அளவில். போய் வர அரை மணி நேரம். அந்த எண்பது பேரும் அடுத்த நடை வரும்வரை தனியாகத்தான் நிற்க வேண்டும். அவர்கள் அறியாமல் பக்கத்து மலையில் இருந்தது வட வியட்நாம் படையின் பெரிய அணி.

சண்டை மூண்டதும் வெட்டை முழுவதும் சூடு. காயக்காரரை ஏற்றும் ஹெலிகள் இறங்க மறுத்தன. புரூஸ் கிரான்டோல், எட் ஃபிரீமன் என்ற இரண்டு விமானிகள் துப்பாக்கி ரவைப் பெட்டிகளை ஏற்றிப் போய், காயப்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள், நாள் முழுக்க, திரும்பத் திரும்ப. இருவருக்கும் பல வருடம் கழித்து நாட்டின் அதியுயர் விருது கிடைத்தது. எக்ஸ்-ரேயில் 79 அமெரிக்கர்கள் இறந்தார்கள், ஆனால் பட்டாலியன் அழியவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொரு பட்டாலியன் ஹெலியில்லாமல் காட்டு வழியே நடந்துபோய் ஆல்பனி என்ற வெட்டைக்குக் கிட்டப் பதுங்கித் தாக்கப்பட்டதில் 155 பேர் இறந்தார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு விமானிகள் என்ன செய்தார்கள் என்பது புரியும்.

சோவியத் எம்.ஐ-24 பற்றி ஒரு வரி. சூடும் போடும், எட்டுப் பேரையும் ஏற்றும் என்று செய்தார்கள். ஆப்கானிஸ்தானில் எடையைக் குறைக்க ஆட்களை இறக்கிவிட்டுத் துப்பாக்கி ஹெலியாகவே ஓட்டினார்கள். அமெரிக்காவின் பிளக் ஹோக் ஹெலி 11 பேர் ஏற்றும்; விழுந்தாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க இருக்கைகளையும் சில்லுகளையும் அமைத்தார்கள். ஹியூயிக்கும் எம்.ஐ-8க்கும் நடுவில் நிற்கும் நல்ல ஏற்பாடு, விலைதான் பெரிது.

தலைமேலா, தள்ளியா

இதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான ஒப்பீடு. எழுதக் கஷ்டமானதும் இதுதான்.

1987இல் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண நகரைப் பிடிக்கத் தொடங்கியபோது, விடுதலைப் புலிகளின் தலைமை பல்கலைக்கழகத்துக்கு அருகே கொக்குவிலில் இருக்கிறது என்று நம்பி, அவர்களின் தலைமேலேயே இறங்கத் திட்டமிட்டது. பலாலியிலிருந்து அங்கே ஆகாய வழியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், எம்.ஐ-8க்கு ஐந்து நிமிடப் பறப்பு. தூரத்தை மட்டும் பார்த்தால் எக்ஸ்-ரேயை விடவும் இலேசு. 10ஆவது பரா கொமாண்டோக்கள் நூறு பேர் அளவில் முதலில், பின்னால் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படை. இறங்கும் இடம் பல்கலைக்கழகத்து விளையாட்டு மைதானம்.

அந்த மைதானத்தை எனக்குத் தெரியும். சுற்றிவர மாடிக் கட்டடங்கள், மதில், மரங்கள், வீடுகள். ஒரு நேரத்தில் இரண்டு எம்.ஐ-8 இறங்கலாம், அதற்கு மேல் முடியாது. எந்தப் பக்கத்து மேல்மாடியிலிருந்தும் நடு மைதானம் கைக்கெட்டும் தூரத்தில். அது போதாதென்று புலிகள் இராணுவத்தின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டார்கள், காத்திருந்தார்கள்.

கொமாண்டோக்கள் இறங்கினார்கள். சீக்கியப் படையின் முதல் முப்பது பேர் இறங்கினார்கள். ஹெலிகள் கடுமையாக அடிபட்டதால் மீதி நடைகளை நிறுத்திவிட்டார்கள். மாமி எண்ணியது அதைத்தான். அந்த முப்பது பேரில் 29 பேர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் கைதியானார். கொமாண்டோக்கள் மைதானத்தை விட்டு வீடுகளுக்குள் புகுந்து தாக்குப்பிடித்தார்கள், மறுநாள் யுத்தத் தாங்கிகள் வந்துதான் அவர்களை மீட்க முடிந்தது. அந்த நாட்களில் கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஊர் நடுவில் படையை இறக்கினால், மீட்பும் ஊர் நடுவாலேதான் வரும். இறங்கியவர்களின் கணக்கோடு இதையும் சேர்த்தே எழுத வேண்டும். பல இராணுவ ஆய்வுகளில் இந்தப் பகுதி இருப்பதில்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை.

மேக்னாவும் யாழ்ப்பாணமும் ஒரே இராணுவத்தின் வேலை, இடையில் பதினாறு வருடம். யாழ்ப்பாணத்தில் இருந்த ஹெலி மேக்னாவில் இருந்ததைவிட நல்லது: டர்பைன் இயந்திரம், இரட்டிப்பு ஆட்கள். மேக்னாவில் எதிரி இல்லாத கரையில் இறங்கி அங்கிருந்து நடந்தார்கள். யாழ்ப்பாணத்தில் எதிரி இருக்கும் முற்றத்திலேயே இறங்கினார்கள். முதல் நடையில் இழக்கும் ஒவ்வொரு ஹெலியும் இரண்டாம் நடையிலும் மூன்றாம் நடையிலும் வராது. இருக்கும் ஹெலியே கொஞ்சமாக இருந்தால், ஒன்று அடிபட்டதும் திட்டமே நின்றுவிடுகிறது.

தள்ளி இறங்குவதும் எப்போதும் போதாது. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் முற்றுகைக்குள்ளானபோது இலங்கை இராணுவத்தின் விசேட படையினரைத் தெற்கே அலம்பிலில் ஹெலியில் இறக்கினார்கள். முகாமுக்குப் போய்ச் சேரும் வழியிலேயே கடுஞ்சண்டை. அவர்களுக்குத் தலைமை தாங்கிய அதிகாரி உயிரிழந்தார், முகாமைக் காப்பாற்ற முடியவில்லை. தள்ளி இறங்கும்போது எதிரிக்கும் நேரம் கிடைக்கிறது. ஆனாலும் இரண்டில் ஒன்று என்று கேட்டால் நான் தள்ளி இறங்குவதையே சொல்வேன். இறங்கியவர்களை அடுத்த நடை எட்டுவதற்கு அங்கே ஒரு வழியாவது இருக்கும்.

ஏவுகணை வந்த பிறகு

ஹெலிக்கு எதிராகத் தரையிலிருப்பவர்கள் ஆரம்பத்திலிருந்தே கற்றுக்கொண்டுதான் வந்தார்கள். 1971 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் லாவோஸுக்குள் நடந்த லாம் சோன் 719 நடவடிக்கையில் அமெரிக்கா நூற்றுக்கு மேற்பட்ட ஹெலிகளை இழந்தது. இறங்கத் தக்க வெட்டைகளைச் சுற்றி முன்கூட்டியே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். 1986 செப்டெம்பரில் ஜலாலாபாத்தில் தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர் ஏவுகணை முதல் நாளிலேயே மூன்று எம்.ஐ-24களை விழுத்தியது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் பலாலிப் பக்கம் இரண்டு அவ்ரோ விமானங்கள் அடுத்தடுத்த நாட்களில் ஏவுகணை பட்டு விழுந்தன. அதன் பிறகு வடக்கு ஆகாயத்தில் யாரும் பழைய மாதிரிப் பறக்கவில்லை.

அமெரிக்கா 1991இல் ஈராக்குக்குள் 101ஆவது டிவிஷனை இறக்கிய விதத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. பெப்ரவரி 24ஆம் திகதி எல்லையிலிருந்து 150 கிலோமீட்டர் உள்ளே, ஈராக் படை அனேகமாக இல்லாத பாலைவனத்தில், கோப்ரா என்ற தளத்தை முதலில் போட்டார்கள். சினூக் ஹெலிகள் எரிபொருளைக் கொண்டுபோய்க் குவித்தன. மறுநாள் அங்கிருந்து யூபிரடீஸ் ஆற்றோர நெடுஞ்சாலைக்குத் தாவினார்கள். அந்தத் தாவலின் இரண்டாம் நடைக்கான எரிபொருள் முதல் நாளே இடைவழியில் போய்ச் சேர்ந்திருந்தது.

முப்பத்தொரு வருடம் கழித்து அதே பெப்ரவரி 24. ரஷ்யப் படை 2022இல் கீவுக்குப் பக்கத்து ஹொஸ்டோமெல் விமானத்தளத்தில் ஹெலியில் இறங்கியது. எம்.ஐ-8கள், துணைக்குத் துப்பாக்கி ஹெலிகள், நீர்த்தேக்கத்தின் மேலால் தாழப் பறந்து வந்து, சிலவற்றை இழந்து, சில நூறு ஆட்களை இறக்கின. தளத்தைப் பிடித்தும்விட்டார்கள். முதல் நடையைப் பொறுத்தவரை திட்டம் பலித்தது. அடுத்த நடை ஹெலியில் இல்லை, இலியூஷின்-76 விமானங்களில். அவை வந்து இறங்க ஓடுபாதை வேண்டும். உக்ரேனியப் பீரங்கிகள் அந்த ஓடுபாதையை அடித்தன, படையினர் தளத்தைச் சுற்றி எதிர்த்துத் தாக்கினார்கள். பெரிய விமானங்கள் இறங்கவில்லை. மறுநாள் பெலரூஸ் பக்கமிருந்து தரைப்படை வந்துதான் இறங்கியவர்களோடு சேர்ந்தது, அதற்குள் கீவ் விழித்துக்கொண்டது. மார்ச் முடிவில் ஹொஸ்டோமெலை விட்டே போய்விட்டார்கள்.

முதல் நடை ஹெலியில், இரண்டாம் நடை ஓடுபாதையில் என்று பிரித்த அந்தத் திட்டத்தை வாசித்தபோது எனக்குப் பல்கலைக்கழக மைதானம்தான் நினைவில் வந்தது. இரண்டிலும் இறங்கியவர்கள் குறைவில்லாத வீரர்கள். இரண்டிலும் அவர்கள் காத்திருந்தது ஆகாயத்திலிருந்து வர வேண்டிய சத்தத்துக்காக.